வெள்ளவத்தை வீட்டுக்கு சோலர்: "ஆறு லட்சம் வரிச் சலுகை" என்கிறார் முகவர், உண்மையா?

மழைப்பறவை | 27 செப்டம்பர் 2025, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஒரு லேனில் எங்கள் வீடு. அப்பா கட்டிய இரண்டு மாடி வீடு. மேலே பாதி ஸ்லாப், பாதி அஸ்பெஸ்டஸ். அப்பா, அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாதம் சராசரி 400 யூனிட் போகிறது. போன மாதப் பில் இருபதாயிரத்து ஐந்நூறு. ஜூன் மாதம் 15% கூட்டியதில் இருந்து, பில் வரும் நாளில் வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷனே நடக்கிறது. யார் ஏசியைப் போட்டுவிட்டுத் தூங்கியது, யார் ஹீட்டரை நிறுத்த மறந்தது என்று.

போன ஞாயிறு ஒரு சோலர் கம்பனியின் முகவர் வந்தார். 5 கிலோவாட் 875,000 ரூபா, 3 கிலோவாட் 610,000 ரூபா. "மூன்றெல்லாம் வேண்டாம் மிஸ், ஐந்து போடுங்கள். மிச்சக் கரண்டை மின்சார சபை வாங்கும். அதோடு அரசாங்கம் ஆறு லட்சத்தை வரியில் திருப்பித் தருகிறது. பார்க்கப் போனால் உங்களுக்கு ரெண்டே முக்கால் லட்சம்தான் செலவு" என்றார். கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் எங்கோ இடிக்கிறது.

என் சம்பளம் மாதம் 240,000. வரி வெட்டித்தான் கைக்கு வருகிறது. இந்த ஆறு லட்சத்தை உண்மையிலேயே வாங்கிய ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

டீக்கடை தெஹிவளை | இரவு 9.31

ஆறு லட்சம் திரும்பி வருமா? அந்த முகவரின் நம்பரைத் தாருங்கள் அக்கா, சோலர் வேண்டாம், அந்த ஆறு லட்சம் மட்டும் போதும்.

கொட்டாஞ்சேனை மாமா | இரவு 10.02

மகள், நான் 2018 ஒக்டோபரில் போட்டவன். "சூரிய பல சங்கிராமய" என்று 2016 இல் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தில். 4 கிலோவாட், அப்போது 840,000 ரூபா. என்னைக் கேட்டால் வரியை விட முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை. 20 வருட ஒப்பந்தம், வெளியே கொடுக்கும் யூனிட்டுக்கு மின்சார சபை முதல் 7 வருடம் 22 ரூபா தரும், மிச்சம் 13 வருடம் 15.50. கையெழுத்து வைக்கும்போது ஏழு வருடம் எங்கேயோ தூரத்தில் இருந்த மாதிரி இருந்தது. வருகிற மாதம் அந்த ஏழு வருடம் முடிகிறது.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் 130 யூனிட்டுக்கு மேல் எரிப்பதில்லை. மாதம் 320 யூனிட் போல் வெளியே போகிறது. இதுவரை 7,040 ரூபா வந்தது. இனி அதே 320 யூனிட்டுக்கு 4,960. ஐந்தாவது வருடம் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) செத்தது வேறு கதை. போட்ட கம்பனிக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. உத்தரவாதக் கடுதாசி மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. வேறு ஆளைப் பிடித்து 190,000 கொடுத்து மாற்றினேன். அதையும் சேர்த்துப் பார்த்தால் போட்ட காசு இந்த வருடம்தான் ஏறக்குறைய வந்து சேர்ந்திருக்கிறது.

நட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகவர் சொல்லும் காலத்துக்குள் வரும் என்று நினைக்காதீர்கள்.

பேரேடு | 28 செப்டம்பர், காலை 7.48

கணக்காளர் வேலை என்பதால் வரிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்த முகவர் முழுப் பொய் சொல்லவில்லை. அரை உண்மை சொல்லியிருக்கிறார், அதுதான் கூட ஆபத்து.

வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு நிவாரணம் இருக்கிறது. 2021 இல் வந்தது. இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவர் தன் வளவில் பொருத்தி, தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கும் சோலர் பேனல்களுக்குச் செலவழித்தால், வரி ஆண்டு ஒன்றுக்கு 600,000 ரூபா வரை கழிக்கலாம். ஆனால் அது கழிவது வரியில் இல்லை, வருமானத்தில். இந்த ஒரு சொல்லில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

தங்கச்சியின் கணக்கையே எடுப்போம். வருடம் 2,880,000. இந்த ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் 1,800,000. மிச்சம் 1,080,000க்குத்தான் வரி. முதல் பத்து லட்சத்துக்கு 6%, அது 60,000. மேலே உள்ள 80,000க்கு 18%, அது 14,400. ஆக வருடம் முழுக்க நீங்கள் கட்டும் வரியே 74,400 ரூபா. அரசாங்கத்துக்கு எழுபத்து நாலாயிரம் கொடுத்தவருக்கு அரசாங்கம் எப்படி ஆறு லட்சம் திருப்பித் தரும்?

இனி 600,000ஐ வருமானத்தில் கழியுங்கள். வரிக்குரியது 480,000, அதற்கு 6% என்றால் 28,800. மிச்சம் பிடித்தது 45,600 ரூபா. அவ்வளவுதான்.

சம்பளம் மாதம் 350,000 எடுப்பவருக்கு இதே கழிவால் 168,000 மிஞ்சும். 36% அடுக்கில் நன்றாக ஊறிப்போன ஆளுக்கு 216,000. மாதம் 150,000 அல்லது அதற்குக் குறைவாக எடுப்பவருக்குச் சுழி. வருமானம் கூடக் கூடச் சலுகையும் கூடும் வடிவில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டும்போது அலுவலகம் இந்தக் கழிவைப் பார்க்காது. மார்ச் 31 முடிந்த பிறகு நீங்களே வரிக் கூற்றைச் சமர்ப்பித்து, கூடக் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த வரி ஆண்டுக்கான கூற்றுக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாள். பற்றுச்சீட்டு உங்கள் பெயரில், திகதியோடு இருக்க வேண்டும்.

மழைப்பறவை | காலை 8.20

பேரேடு அண்ணா, கோடி நன்றி. 45,600! கணவரிடம் காட்டினேன். "அப்ப 829,400" என்றார், குரலே மாறிவிட்டது.

ஆனால் நீங்கள் எழுதியதில் "தன் வளவில்" என்ற சொல்லைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைத்தது. வீடு அப்பா பெயரில். கரண்ட் பில்லும் அப்பா பெயரில். வரி கட்டுவது நான்.

பேரேடு | காலை 8.41

அதைத்தான் கேட்க இருந்தேன். அப்பாவுக்கு ஓய்வூதியம் மட்டும் என்றால் அவர் வரி எல்லைக்குள்ளேயே வர மாட்டார், அவர் பெயரில் கழிவு எடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. உங்கள் பெயரில் எடுப்பதானால், வீட்டு உறுதிப் பத்திரம் ஒருவர் பெயர், மின் கணக்கு ஒருவர் பெயர், பற்றுச்சீட்டு இன்னொருவர் பெயர் என்று இருக்கும் கோப்பை வரி அதிகாரி புரட்டும்போது கேள்வி வரத்தான் செய்யும். பற்றுச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கொழும்பு 2 இல் உள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஆவணங்களோடு போய்க் கேளுங்கள். எந்தப் பெயரில் போட வேண்டும் என்பதைப் பிறகு திருத்த முடியாது. என் ஆலோசனை: அந்த 45,600ஐக் கணக்கில் சேர்க்காமலே முடிவெடுங்கள். கிடைத்தால் பொங்கலுக்கு உடுப்பு.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். 875,000 என்பது வரிகள் சேர்த்த விலையா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி இன்வொய்சில் 18% வற் (பெறுமதி சேர் வரி) வந்து உட்கார்ந்தால் அதுவே 157,500 ரூபா. உங்கள் வரிச் சலுகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல்.

சித்தி வீடு சென்னை | காலை 10.15

குறுக்கே வருகிறேன். சென்னையில் என் சித்தி போன வருடம் 3 கிலோவாட் போட்டார். அங்கே பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 இந்திய ரூபா நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. சம்பளம் எவ்வளவு, வரி கட்டுகிறாயா என்ற கேள்வியே இல்லை.

மெல்பன் தம்பி | காலை 10.52

இங்கே ஜூலை 1 இல் இருந்து வீட்டு பேட்டரிக்கு மத்திய அரசு ஏறக்குறைய 30% குறைத்துக் கொடுக்கிறது. எங்கள் தெருவில் எல்லோரும்

கொட்டாஞ்சேனை மாமா | காலை 10.58

தம்பி, பாதியில் அனுப்பிவிட்டாய். பரவாயில்லை, மிச்சத்தை அனுப்பாதே. வயிறு எரிகிறது.

மூன்று பேஸ் | பிற்பகல் 1.36

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், பேனல் பூட்டும் பக்கம். மழைப்பறவை அக்காவுக்கு 5 ஏன், 3 ஏன் என்று யாரும் இன்னும் கணக்குப் போடவில்லை, அதனால் நான் போடுகிறேன். முகவர்மார் என்னைத் திட்டட்டும்.

உங்கள் 400 யூனிட் பில் எப்படி ஆகிறது பாருங்கள். முதல் 60 யூனிட் 12.75 வீதம், அடுத்த 30 யூனிட் 18.50, அடுத்த 30 யூனிட் 24, அடுத்த 60 யூனிட் 41. இந்த 180 யூனிட்டுக்கும் சேர்த்து 4,500 ரூபாதான். 180ஐத் தாண்டிய 220 யூனிட்டுக்கு 61 வீதம் 13,420. நிலைக்கட்டணம் 2,100. மொத்தம் 20,020. அதன் மேல் 2.5% சமூகப் பாதுகாப்பு வரி. அதாவது உங்கள் பில்லில் மூன்றில் இரண்டு பங்கு, கடைசி 220 யூனிட்டின் வேலை. சோலர் முதலில் தின்பது இந்த 61 ரூபா யூனிட்டைத்தான்.

கொழும்பில் 1 கிலோவாட் மாதம் சராசரி 115 யூனிட் தரும். சிலர் 130, 140 என்று பிரசுரத்தில் போடுவார்கள், மார்ச் மாதத்தைப் பார்த்து எழுதியது. மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர் மழையையும் சேர்த்துத்தான் சராசரி.

3 கிலோவாட் என்றால் 345 யூனிட். மின்சார சபையிடம் நிகரமாக வாங்குவது 55 யூனிட். அது 60 யூனிட்டுக்குள் என்பதால் குறைந்த கட்டண அடுக்கு. 30 யூனிட் 4.50 வீதம், 25 யூனிட் 8 வீதம், நிலைக்கட்டணம் 210, ஆக 545 ரூபா. 20,020 ரூபா பில் 545 ஆகிறது. மாதம் 19,475 மிச்சம். 610,000ஐ வகுத்தால் 31 மாதத்துக்குக் கொஞ்சம் மேல்.

5 கிலோவாட் என்றால் 575 யூனிட். பில் முழுதும் போய், 175 யூனிட் மிஞ்சும். இப்போது புதிதாகச் சேரும் 5 கிலோவாட் வரையான வீடுகளுக்கு மிச்ச யூனிட்டுக்குக் கொடுப்பது 20.90. அது 3,657 ரூபா. மொத்த நன்மை மாதம் 23,677. 875,000க்கு 37 மாதம்.

37 மாதமும் நல்லதுதானே என்பீர்கள். இப்படிப் பாருங்கள்: அந்தக் கூடுதல் 2 கிலோவாட்டுக்காக நீங்கள் கூடக் கொடுப்பது 265,000. அதனால் கூட வருவது மாதம் 4,202 மட்டும். அந்தத் துண்டு மட்டும் தன் காசைத் திருப்ப 63 மாதம் எடுக்கும். முதல் மூன்று கிலோவாட் 61 ரூபா யூனிட்டைக் காப்பாற்றுகிறது, கடைசி இரண்டு 20.90 ரூபா யூனிட்டை விற்கிறது. முகவருக்கு இரண்டும் ஒரே தரகுதான்.

2022 கடைசியில் மிச்ச யூனிட்டுக்கு 37 ரூபா கொடுத்தார்கள். அப்போது கூரையில் இடமுள்ள அளவுக்குப் போடச் சொன்னவன் நானும்தான். பிறகு 27 ஆனது, இப்போது 20.90. காலத்துக்கு ஏற்றபடி கணக்கையும் மாற்ற வேண்டும்.

டீக்கடை தெஹிவளை | பிற்பகல் 2.05

அண்ணா, அந்த நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் மூன்றையும் ஒருக்கால் ஆளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. முகவர் சொல்லும்போது தலையாட்டினேன், ஒன்றும் ஏறவில்லை.

மூன்று பேஸ் | பிற்பகல் 2.22

மீட்டரிங்கில் மிச்சத்துக்குக் காசு இல்லை, யூனிட்டாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். அக்கவுண்டிங்கில் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து, மிச்சத்துக்குக் காசு. நெட் பிளஸ் என்றால் கூரையில் வருவது முழுவதையும் விற்கிறீர்கள், வீட்டுக்கு வேண்டியதை வழமையான விலைக்கு வாங்குகிறீர்கள். 61க்கு வாங்கி 20.90க்கு விற்கும் வியாபாரம் இப்போது 180 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீட்டுக்குச் சரிவராது.

ஏழாம் மாடி | பிற்பகல் 4.40

பம்பலப்பிட்டியில் அபார்ட்மென்டில் இருக்கிறேன். எங்களுக்கு வழி இருக்கிறதா?

மூன்று பேஸ் | பிற்பகல் 4.55

மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுச் சொத்து தம்பி. முகாமைக் கூட்டுத்தாபனம் ஒத்துக்கொண்டால் லிஃப்ட், பொது விளக்கு, தண்ணீர் மோட்டார் பில்லைக் குறைக்கப் போடலாம். உங்கள் வீட்டு மீட்டருக்கு என்று தனியாக மேலே பூட்ட விட மாட்டார்கள்.

ரத்மலானை ஓரம் | 28 செப்டம்பர், இரவு 8.17

எல்லோரும் காசுக் கணக்கே போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் லேனில் பதினொரு வீட்டுக்கு சோலர். ஒரே ட்ரான்ஸ்போமர். நல்ல வெயில் அடிக்கும் நாளில் பகல் 12 மணிக்கு இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. போய்ப் பார்த்தால் திரையில் 252 வோல்ட். 230க்கு மேல் 6% தாண்டினால், அதாவது 244க்கு மேல் போனால், வலையமைப்புக்கே அது எல்லைக்கு வெளியே. இன்வெர்ட்டர் தானே கழன்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஏறும், திரும்பக் கழரும். மொபைல் செயலியில் மற்றவர்களுக்கு வரும் வரைபடம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். எனக்கு வருவது சீப்பு மாதிரி, பல்லுப் பல்லாக. மழை மூட்டமான நாளில் எனக்கு நல்ல உற்பத்தி, வெயில் நாளில் இல்லை! இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

பூட்டிய ஆட்கள் "அது மின் வலையமைப்புப் பிரச்சினை" என்கிறார்கள். மற்றப் பக்கம் கேட்டால் "அது உங்கள் வயர்ப் பிரச்சினை". நடுவில் நான்.

மூன்று பேஸ் | இரவு 8.50

இரண்டு பேரும் பாதி சரி. இன்வெர்ட்டரில் இருந்து மீட்டர் வரை என்ன வயர் ஓடுகிறது, எத்தனை மீற்றர் நீளம்? மெல்லிய வயர் நீளமாக ஓடினால் அதற்குள்ளேயே நாலைந்து வோல்ட் ஏறும். அதைத் தடித்த வயராக மாற்றிப் பாருங்கள், செலவு பெரிதில்லை. அதற்குப் பிறகும் மீட்டர் வாயிலேயே 250 காட்டினால், திகதி நேரத்தோடு படம் எடுத்து எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ட்ரான்ஸ்போமரில் டாப் குறைத்து வோல்ட்டை இறக்கலாம். வாயால் சொன்னால் ஒன்றும் நடக்காது.

மழைப்பறவை அக்கா, இதில் உங்களுக்கும் ஒரு விஷயம். முற்பணம் கொடுப்பதற்கு முன் விண்ணப்பம் போடச் சொல்லி, உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறது என்ற அனுமதியை எழுத்தில் பாருங்கள். அது நிரம்பியிருந்தால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் காத்திருப்புத்தான். முற்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு "இந்தா வருது" என்று எட்டு மாதம் ஓட்டிய கதைகள் எனக்குத் தெரியும். பூட்டும் கம்பனி நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்ததா, இன்வெர்ட்டர் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலா என்றும் பாருங்கள்.

மழைப்பறவை | இரவு 9.33

மூன்று பேஸ் அண்ணா, நீங்கள் 3 கிலோவாட் என்று எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய ஒரே கேள்வி: "அப்ப கரண்ட் கட்டானால் எங்கட வீட்டில லைட் எரியும்தானே?" 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த வேர்வை இன்னும் அவருக்குக் காயவில்லை.

கொட்டாஞ்சேனை மாமா | இரவு 9.50

எரியாது. நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். இந்த வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே. பகல் பதினொரு மணி போல். மேலே கூரையில் 4 கிலோவாட் சும்மா காய்கிறது, கீழே நான் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ஐயா, சோலர் இருக்குத்தானே?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

மூன்று பேஸ் | இரவு 10.11

வெளியே கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு உங்கள் கூரையில் இருந்து அடிக்கும்.

கட் நேரத்திலும் எரிய வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். 5 கிலோவாட் மணிப் பேட்டரியோடு என் கையில் போகும் விலை, சாதாரண சோலரை விட ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் கூட. பேட்டரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுத்தால் யூனிட்டுக்கு 45.80 என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல விலைதான், ஆனால் உங்கள் மாதிரி 61 ரூபா யூனிட் எரிக்கும் வீட்டில் அதற்காக அவசரப்பட வேண்டாம். இப்போதைக்கு ஹைபிரிட் இன்வெர்ட்டர் மட்டும் போட்டு வைத்து, பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம். விலை வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ரத்மலானை ஓரம் | இரவு 10.30

அந்த பெப்ரவரி விஷயத்தில் குரங்குக்குப் பிறகு பழி யாருக்கு விழுந்தது? சோலர்காரருக்கு! ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு "பகல் 3 மணி வரை உங்கள் சோலரை நிறுத்தி வையுங்கள்" என்று கேட்டார்கள். கடன் கட்டுவது நான், நிறுத்துவதும் நானா? வங்கி அந்த நாட்களுக்கு வட்டியை நிறுத்துமா?

மூன்று பேஸ் | இரவு 10.49

கோபம் நியாயம். ஆனால் காரணமும் இருக்கிறது. ஞாயிறும் விடுமுறையும் தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு, தேவை குறைவு. அந்த நேரத்தில் கூரைகள் முழு வேகத்தில் தள்ளும். அதற்கு இடம் கொடுக்க மின் நிலையங்களின் பெரிய சுழலிகளைக் குறைப்பார்கள். சுழலும் இயந்திரம் குறைந்தால், எங்காவது ஒரு அடி விழும்போது தாங்கும் பலமும் குறையும். நாட்டில் கூரைச் சோலர் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, ஆனால் அதைக் கூட்டிக் குறைக்கும் கடிவாளம் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறார்கள். கடிவாளத்தை முன்பே போட்டிருக்க வேண்டியது யார் என்பது வேறு கேள்வி.

டீக்கடை தெஹிவளை | 29 செப்டம்பர், காலை 6.40

கடன் என்றதும் கேட்கிறேன். ஏழு லட்சம் எடுத்தால் எனக்கு வங்கி சொன்னது 12.5%, ஐந்து வருடம், மாதம் 15,750 போல். என் பில் 6,000 ரூபா, சரியாக 180 யூனிட். போடலாமா?

பேரேடு | காலை 7.15

வேண்டாம். ஆறாயிரத்தைக் காப்பாற்ற ஐந்து வருடம் பதினாறாயிரம் கட்டுவதா? உங்கள் வீட்டில் 61 ரூபா யூனிட்டே இல்லை. ஆனால் 181வது யூனிட் உங்களை வந்து கடிக்கும், கவனம். நிலைக்கட்டணம் 1,500 இல் இருந்து 2,100க்குப் பாயும். அந்த ஒரு யூனிட்டின் விலை 661 ரூபா. பழைய பிரிட்ஜ் இருந்தால் அதை மாற்றுங்கள், அதுதான் உங்கள் சோலர்.

டீக்கடை தெஹிவளை | காலை 7.19

பிரிட்ஜுக்கு வயது பதினாறு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மூன்று பேஸ் | காலை 9.02

மழைப்பறவை அக்கா, கடைசியாக மூன்று விஷயம். அஸ்பெஸ்டஸ் பக்கத்தைத் தொட வேண்டாம். பழைய சீட்டில் ஆள் ஏறினாலே வெடிக்கும், மழைக்கு ஒழுகும். தகடு மாற்றும் செலவும் சேர்ந்தால் என் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். ஸ்லாப் பக்கம் 600 வாட் பேனல் ஐந்து வைத்தால் 3 கிலோவாட், பதினான்கு சதுர மீற்றர் இடம் போதும். மற்றது, மரைன் டிரைவுக்கு இவ்வளவு கிட்ட என்றால் உப்புக்காற்று. தாங்கும் சட்டம் அலுமினியமாகவும் ஆணி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும் என்று விலைப்பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சாதாரண இரும்பைப் பெயின்ற் அடித்துக் கொடுத்தால் இரண்டு மாரிக்குள் செம்மண் நிறம்தான்.

மூன்றாவதுதான் பெரியது. உங்கள் பகுதியில் சுற்றிவர மாடிக் கட்டடங்கள். நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தீர்களா? ஒரு பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கத் தளரும்.

மழைப்பறவை | 5 ஒக்டோபர், மாலை 6.26

நிழல் விவகாரத்தை அப்பா கையில் எடுத்துவிட்டார். இரண்டு நாளாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சோக்குக் கட்டியோடு ஸ்லாப்பில் நிற்கிறார். மேற்குப் பக்கம் எட்டு மாடிக் கட்டடம். அதன் நிழல் 2.40க்கு மதில் தாண்டி உள்ளே வருகிறது. அந்த இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் "2.40". அடுத்த கோடு "3.00". 3.20க்கு எங்கள் தண்ணீர் டாங்கியின் நிழலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதற்கு ஒரு வட்டம் போட்டு "டாங்கி" என்று எழுதியிருக்கிறார். மகன் அதைப் பார்த்து, தாத்தா பாண்டி விளையாடக் கோடு போட்டார் என்று தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஏறிக் குதிக்கிறான்.

கிழக்குப் பக்கம் 3 மணி வரை சுத்தமாக வெயில். ஐந்து பேனல் அங்கே அடங்கும் போல் இருக்கிறது.

மூன்று பேஸ் | மாலை 7.04

ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு திருத்தம் மட்டும்: கொழும்பில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும்தான் சூரியன் நேர் உச்சியில். இப்போது தெற்கே போய்க்கொண்டிருக்கிறது, டிசம்பரில் இன்னும் சாயும். ஜூனில் வடக்குப் பக்கம் நிற்கும். ஆகவே இந்தக் கோடு வருடம் முழுக்கச் செல்லாது. தெற்கில் உயரமாக ஏதும் இருந்தால் டிசம்பர் மத்தியானம் ஒரு முறை பாருங்கள்.

மழைப்பறவை | 9 நவம்பர், இரவு 8.45

தாமதத்துக்கு மன்னிக்கவும். 3 கிலோவாட் என்று முடிவாகிவிட்டது. முதலில் வந்த முகவரிடம் வரி உட்பட எழுதித் தரச் சொன்னதும் 610,000 என்பது 640,000 ஆகி, பிறகு ஆளையே காணவில்லை. வேறு இடத்தில் அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத நட்டு எல்லாம் எழுதி, வரி உட்பட 625,000க்குப் பேசியிருக்கிறோம். விண்ணப்பம் போட்டு ட்ரான்ஸ்போமர் அனுமதி எழுத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் முற்பணம் கொடுத்தேன், மூன்று பேஸ் அண்ணா கவனிக்க. திணைக்களத்துக்குப் போவதற்கு ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறேன். கணவர் 45,600ஐப் பற்றி இப்போது கதைப்பதே இல்லை.

அளக்க ஆட்கள் வியாழன் வருகிறார்கள். போன கிழமை மழையில் அப்பாவின் கோடுகள் எல்லாம் கரைந்து போய்விட்டன. மனிசன் இப்போது ஸ்டோர் ரூமில் பழைய பெயின்ற் டின் தேடுகிறார்.

கொட்டாஞ்சேனை மாமா | இரவு 9.07

பெயின்ற் அடிக்க முன்னம், அந்தத் தண்ணீர் டாங்கியை மற்றப் பக்கம் நகர்த்த முடியுமா என்று பிளம்பரைக் கேட்கச் சொல்லுங்கள் மகள். எனக்கு அது பேனல் பூட்டிய பிறகுதான் தோன்றியது.